குழந்தையின் சிறுநீரில் புரதம் போகிறதா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு நான்கு வயதில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வந்தது, அதாவது சிறுநீரில் புரதம் நிறையப் போய் உடம்பு வீங்கும் சிறுநீரக நோய். இப்போது அவளுக்குப் பதினொன்று முடியப் போகிறது. இந்த ஏழு வருடத்தில் அவளுடைய சிறுநீரைச் சோதித்து எழுதிய நோட்டுகள் மட்டும் ஐந்து சேர்ந்திருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்காரும் அம்மா, அப்பாக்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நானும் அவற்றையெல்லாம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமும் லேப்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவள். அந்தப் பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இதில் எழுதவில்லை. அதை உங்கள் குழந்தையின் எடை, உயரம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் புரதம் போனால் என்ன? எல்லோருக்கும் கொஞ்சம் போகத்தானே செய்யும்?

போகும். ஆனால் மிகக் கொஞ்சம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தம் அவற்றின் வழியாகப் போகும்போது தண்ணீரும் உப்பும் கழிவும் கீழே இறங்கும். ஆல்புமின் என்ற புரதம் ரத்தத்திலேயே தங்கிவிடும். டிகாஷன் இறங்கும்போது தூள் மேலேயே நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியில் கோளாறு வந்தால் ஆல்புமினும் சேர்ந்து இறங்கும். குழந்தைக்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஓடி விளையாடிக்கொண்டே இருக்கும். சிறுநீரைப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

ரத்தத்தில் உள்ள தண்ணீரை ரத்தக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைப்பதில் ஆல்புமினுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நிறைய வெளியே போய்விட்டால் தண்ணீர் திசுக்களுக்குள் இறங்கி உடம்பு வீங்கும். ஆக, நம் கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் பின்னால்தான் வருகிறது. சிறுநீரில் புரதம் அதற்குச் சில நாட்கள் முன்பே வந்திருக்கும்.

எந்த அறிகுறி இருந்தால் யூரின் டெஸ்ட் எடுங்கள் என்று நாமே கேட்க வேண்டும்?

காலையில் எழுந்திருக்கும்போது கண் இமை வீங்கியிருப்பதுதான் முதலில் கண்ணில் படுவது. மதியத்துக்குள் அது வடிந்துவிடும், சாயங்காலம் பார்த்தால் கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடம் ஆழமாகத் தெரியும். இரவெல்லாம் படுத்திருந்த குழந்தைக்கு நீர் முகத்தில் சேர்கிறது, பகலெல்லாம் நின்று ஓடிய பிறகு காலில் சேர்கிறது, அவ்வளவுதான். பாவாடை நாடா இறுக்கமாகிறது, காரணமில்லாமல் எடை கூடுகிறது, ஆண் குழந்தைக்கு விதைப்பை வீங்குகிறது, சிறுநீர் குறைகிறது என்றாலும் கேளுங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்குக் கண் வீங்கியபோது எங்கள் ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அலர்ஜி என்று சிரப்பும் கண் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டோம். தினமும் மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிடுவதால் மருந்து கேட்கிறது என்றே நானும் நம்பினேன். பதினொன்றாம் நாள் வயிறு ஊதி, செருப்பு காலில் நுழையவில்லை. வேறு மருத்துவரிடம் ஓடினோம். அவர் மருந்து எதுவும் எழுதுவதற்கு முன்னால் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "முதல்ல யூரின் பிடிச்சிட்டு வாங்கம்மா" என்றார். ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நான்கு பிளஸ், அதாவது புரதம் மிக அதிகம். கண் வீக்கத்தோடு வரும் குழந்தைக்கு ஒரு முறை சிறுநீரைப் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்கு அந்தப் பத்து நாள்தான் காரணம்.

கோலா, கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீர் போனாலும் உடனே பார்க்க வேண்டும். தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தோ, சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்தோ இப்படிப் போகலாம். அது வேறு வகை நோய். அதில் ரத்தமும் புரதமும் சேர்ந்து போகும், ரத்த அழுத்தமும் ஏறும்.

சிறுநீர் நுரைக்கிறது. அப்படியென்றால் புரதம்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரின் மேல் குமிழ் நிற்பது சிறுநீரக நோயைக் காட்டும் என்று பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் வேகமாகப் போனாலும் நுரைக்கும், கழிப்பறையில் ஊற்றிய ஃபினாயில் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும். நுரை தினமும் வருகிறது, நெடுநேரம் அடங்காமல் நிற்கிறது என்றால் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நுரையைப் பார்த்து நாமே முடிவு கட்ட வேண்டாம்.

ஏன் எப்போதும் காலையில் முதலில் போகும் சிறுநீரையே கேட்கிறார்கள்?

இதற்கு இரண்டு காரணம். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காததால் அந்தச் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், கொஞ்சம் புரதம் போனாலும் தப்பாது. இது சின்னக் காரணம்.

பெரிய காரணம் வேறு. வளர்கிற பிள்ளைகள் சிலருக்கு, குறிப்பாகப் பத்து வயதுக்கு மேல், நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கும்போது மட்டும் சிறுநீரில் புரதம் போகும்; படுத்தால் நின்றுவிடும். இது நோய் இல்லை, இதனால் சிறுநீரகம் கெடுவதும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளி விட்டு வரும் வழியில் லேபுக்குக் கூட்டிப் போனால் இரண்டு பிளஸ் என்று வரும். வீடே இடிந்துபோய் உட்காரும். அதே பிள்ளை மறுநாள் காலையில் எழுந்தவுடன் பிடித்த சிறுநீரில் ஒன்றுமே இருக்காது.

அதனால் பகலில் எடுத்த டெஸ்டில் புரதம் தெரிந்தால் அடுத்த படி ஸ்கேனும் இல்லை, சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் இல்லை. இன்னொரு நாள் காலை முதல் சிறுநீர்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரவு படுக்கப் போகும் முன்னால் பிள்ளை கடைசியாகச் சிறுநீர் கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் பகலில் சேர்ந்ததும் இரவில் சேர்ந்ததும் கலந்துவிடும். காலையில் எழுந்ததும் வீட்டைச் சுற்றி வராமல் நேரே போய்ப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஸ்ட்ரிப் வைத்து எப்படிப் பார்ப்பது?

மருந்துக் கடையில் யூரிஸ்டிக்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் தெரியும். சர்க்கரைக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று என்று இரண்டு சின்னக் கட்டங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் குச்சி அது. புரதக் கட்டத்தில் ஒரு சாயம் இருக்கிறது, அதோடு அந்தக் கட்டத்தை எப்போதும் புளிப்புத்தன்மையிலேயே வைத்திருக்கும் ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. புரதம் பட்டால் அந்தச் சாயம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு, நீலப் பச்சைக்கு மாறும்.

செய்வது எளிது. சுத்தமான, காய்ந்த டப்பாவில் சிறுநீரைப் பிடியுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிப்பது நல்லது. கட்டம் நனையும்படி முக்கி உடனே எடுங்கள். விளிம்பை டப்பா ஓரத்தில் தட்டி அதிகப்படி சொட்டை வடியுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம், புரதத்துக்குப் பெரும்பாலும் 60 விநாடி, கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள். அப்புறம் அதே பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் வண்ண அட்டையோடு சேர்த்துப் பாருங்கள். வேறு கம்பெனி பாட்டிலின் அட்டையோடு ஒப்பிடக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். முக்கிவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் அந்த நிறத்துக்கு அர்த்தம் கிடையாது, புதுக் குச்சி எடுங்கள்.

பாட்டிலைத் திறந்தவுடன் மூட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு நாள் திறந்து கிடந்தால் கட்டங்கள் கெட்டுவிடும். குளியலறையிலும் வேண்டாம், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். கட்டத்தை விரலால் தொட வேண்டாம். பாட்டிலைத் திறந்த தேதியைப் பேனாவால் மூடியில் எழுதி வையுங்கள்.

ட்ரேஸ், ஒரு பிளஸ், மூன்று பிளஸ் என்றால் எவ்வளவு?

கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும். பொதுவாக ஒரு பிளஸ் என்றால் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) சிறுநீரில் சுமார் 30 மில்லிகிராம், இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300, நான்கு பிளஸ் ஆயிரத்துக்கு மேல். படிகள் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது ஒரு படிதான், ஆனால் அளவு மூன்று மடங்கு. ட்ரேஸ் என்பது ஒரு பிளஸுக்கும் கீழே, லேசாகத் தெரிவது; அடர்த்தியான காலைச் சிறுநீரில் நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் வரும்.

ஸ்ட்ரிப் தப்பாகக் காட்டுமா?

காட்டும், இரண்டு பக்கமும். அது பார்ப்பது ஒரு சொட்டில் எவ்வளவு புரதம் என்பதை மட்டும்தான். தண்ணீர் குடிக்காத நாளில் சிறுநீர் சுண்டி, கொஞ்சம் புரதமே அதிகமாகத் தெரியும். நிறையத் தண்ணீர் குடித்த பிறகு பார்த்தால் உண்மையில் போகும் புரதமும் நீர்த்துக் குறைவாகத் தெரியும். சிறுநீர் காரத்தன்மையாக இருந்தாலும், சுத்தம் செய்யப் பயன்படுத்திய கிருமிநாசினி டப்பாவில் மிச்சம் இருந்தாலும் பொய்யான பச்சை வரும். பிடித்து வைத்து மணிக்கணக்கில் வெளியே கிடந்த சிறுநீரையும் நம்ப முடியாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். இந்தக் குச்சிக்கு ஆல்புமின்தான் நன்றாகத் தெரியும். சில பரம்பரை நோய்களில் வடிகட்டி நன்றாக இருந்தாலும் அதற்கடுத்த குழாய்கள் கெட்டுப்போய், வேறு சிறிய வகைப் புரதங்கள் போகும். அவை குச்சியில் படாமல் தப்பிவிடும். அதற்கு லேபில் தனி டெஸ்ட் உண்டு.

ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை. வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அது ஸ்ட்ரிப்பைவிட மிகப் பழையது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவதைப் போல, சிறுநீரில் உள்ள ஆல்புமினும் சூடு பட்டால் வெண்மையாகத் திரளும். இத்தாலிய மருத்துவர் டொமெனிகோ கொட்டுன்யோ 18ஆம் நூற்றாண்டில் உடம்பு வீங்கிய ஒரு நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கி இதைக் கண்டார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், 1827இல் உடல் வீக்கத்தையும் இப்படித் திரளும் சிறுநீரையும் சிறுநீரக நோயோடு சேர்த்து எழுதினார். ஒரு கரண்டியும் மெழுகுவத்தியும் போதுமாயிருந்த காலம் அது.

சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேல் பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். மேலே கலங்கி, கீழே தெளிவாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கலங்கியவுடன் நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். கலங்கல் கரைந்துபோனால் அது பாஸ்பேட் உப்பு, பயமில்லை. கரையாமல் நின்றால் புரதம். சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. சூடாக்கத் தேவையில்லை, வெள்ளையாகக் கலங்குவதை வைத்து அளவு சொல்வார்கள். இரண்டையும் மருத்துவமனையில் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்து காட்டினால்தான் வீட்டில் முயல வேண்டும். கொதிக்கும் குழாயின் வாய் யார் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை பக்கத்தில் நிற்கக் கூடாது.

லேப் ரிப்போர்ட்டில் ஏதோ விகிதம் போட்டிருக்கிறார்கள். அது என்ன?

புரதம்–கிரியாட்டினின் விகிதம். சிலர் பி.சி.ஆர். என்று சொல்வார்கள், கொரோனா டெஸ்டின் பெயரும் அதே எழுத்துகள் என்பதால் குழம்ப வேண்டாம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. சிறுநீர் நீர்த்தால் புரதமும் நீர்க்கும், கிரியாட்டினினும் நீர்க்கும். அதனால் ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் தண்ணீர் குடித்தது, குடிக்காதது என்ற பேச்சே இல்லாமல் போகிறது. ஒரே ஒரு தடவை பிடித்த சிறுநீரில் நாள் முழுக்க எவ்வளவு போகிறது என்பதை ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 0.2க்குக் கீழே இருந்தால் சரி. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.5 வரை சரி. 2 அல்லது அதற்கு மேல் போனால் நெஃப்ரோடிக் அளவு.

இனி நான் ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் போன கதை. ஒரு லேபில் எப்போதும் 0.15, 0.18 என்று வரும். ஊருக்குப் போயிருந்தபோது வேறு லேபில் எடுத்தோம். 180 என்று வந்தது. ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது என்று அழுதேன். காலையில் எங்கள் மருத்துவருக்குப் படம் அனுப்பியபோதுதான் தெரிந்தது, முதல் லேப் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் என்று கணக்கிடுகிறது, இரண்டாவது கிராமுக்கு மில்லிகிராம் என்று. 0.18ம் 180ம் ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் காட்டும் ரிப்போர்ட்டில் மில்லிமோலுக்கு மில்லிகிராம் என்று இருக்கும். அதில் ஏறக்குறைய 20தான் நம் 0.2. எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். கூடிய மட்டும் ஒரே லேபில் எடுங்கள்.

ரொம்ப மெலிந்த, தசை குறைந்த குழந்தைக்குக் கிரியாட்டினின் குறைவாக வெளியேறும். வகுக்கும் எண் சின்னதாவதால் விகிதம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இதை மருத்துவரிடம் நினைவுபடுத்துவதில் தவறில்லை.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கச் சொன்னால்?

சின்னக் குழந்தையிடம் ஒரு சொட்டும் விடாமல் ஒரு நாள் முழுக்கப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மருத்துவர்களுக்கும் தெரியும், அதனால் இப்போது பெரும்பாலும் விகிதமே போதும் என்கிறார்கள். கேட்டால் இப்படி: காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மறுநாள் அதே நேரத்து முதல் சிறுநீர் வரை எல்லாம் கேனுக்குள். நடுவில் ஒரு தடவை தவறினால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடுங்கள்.

கைக்குழந்தையிடம் எப்படிப் பிடிப்பது?

ஒட்டும் பை ஒன்று உண்டு, சுத்தம் செய்து துடைத்து ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பால் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில் மெல்ல வட்டமாகத் தடவிக்கொண்டே டப்பாவோடு தயாராக இருந்தாலும் பல குழந்தைகள் சீக்கிரம் போகும். பொறுமைதான் வேண்டும். பிறந்து மூன்று மாதத்துக்குள் வீக்கமும் புரதமும் இருந்தால் அது பெரும்பாலும் பிறவியிலேயே வரும் வகை. தாமதிக்காமல் குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் போக வேண்டும். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

ஒரு முறை புரதம் என்று வந்துவிட்டது. கிட்னி போய்விட்டதா?

இல்லை. காய்ச்சல், வலிப்பு, வெயிலில் கடுமையான ஓட்டம், உடம்பில் நீர் வற்றுவது இவற்றிலெல்லாம் தற்காலிகமாகப் புரதம் போகும். உடம்பு சரியானதும் நின்றுவிடும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் திரும்பப் பாருங்கள். அப்போதும் இருந்தால், மூன்றாம் முறையும் இருந்தால், அதைத் தொடர்ந்து போகும் புரதம் என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடுவார்கள்: ரத்தத்தில் ஆல்புமின், கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், வயிற்று ஸ்கேன்.

ஆனால் வீக்கம், சிவந்த சிறுநீர், உயர் ரத்த அழுத்தம் இவற்றில் ஒன்று கூட இருந்தால் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அன்றே போக வேண்டும்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் சோதிக்க வேண்டுமா?

ஆரம்பத்தில் தினமும். இது பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும் நோய், சின்ன வயதில் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். நூற்றுக்கு 85 முதல் 90 பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கேட்கும், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள். கேட்டதா என்று எப்படித் தெரியும்? காலைச் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் இல்லை அல்லது ட்ரேஸ் என்று வந்தால் அடங்கிவிட்டது என்று பொருள். எங்கள் நோட்டில் அப்படி முதல் முறை வந்த மூன்று நாளையும் நான் சிவப்பு மையால் கட்டம் கட்டி வைத்திருக்கிறேன்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது திரும்ப வரும். இதை யாராவது முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் முதல் ரிலாப்ஸில் நான் அவ்வளவு நொறுங்கியிருக்க மாட்டேன். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் ரிலாப்ஸ். ஏன் மூன்று நாள்? சளி பிடித்தால் ஒரு நாள், இரண்டு நாள் ஏறிவிட்டுத் தானாகவே இறங்குவதும் உண்டு. முதல் நாளே ஸ்டீராய்டைக் கூட்டினால் தேவையில்லாத மருந்து உள்ளே போகும். மூன்று நாளுக்கு மேல் காத்திருந்தால் வீக்கம் வந்துவிடும். ஆனால் வீக்கம் ஏற்கெனவே தெரிகிறது என்றால் நாள் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், போன் செய்துவிடுங்கள்.

அடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் பார்த்தால் போதும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சளி, காய்ச்சல் வந்தால் மட்டும் மறுபடி தினமும்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

தேதி, பிளஸ், எடை, கொடுத்த மாத்திரை, அன்று உடம்புக்கு ஏதாவது இருந்ததா. ஒரு நாளுக்கு ஒரு வரி. நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: மாத்திரை ஒரு அளவுக்குக் கீழே குறையும்போதெல்லாம் இவளுக்குத் திரும்ப வருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று தடவை வந்தால் சிகிச்சை முறையையே மாற்றுவார்கள். அதற்கு வாய்க் கணக்கு உதவாது, எழுத்தில் வேண்டும்.

புரதம் வீணாகப் போகிறதே, முட்டையும் பருப்பும் கூட்டிக் கொடுக்கலாமா?

என் மாமியார் தினமும் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார். பாசம்தான். ஆனால் அதிகமாகக் கொடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. வடிகட்டியின் ஓட்டையை அடைத்தால்தான் நிற்கும். அதே நேரம் பருப்பே கூடாது, பால் கூடாது என்று நிறுத்துவதும் தவறு, வளர்கிற பிள்ளை. வயதுக்கு ஏற்ற வழக்கமான சாப்பாடு போதும். வீக்கம் இருக்கும்போது உப்பைத்தான் குறைக்க வேண்டும்: ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ்.

நாட்டு மருந்தில் குணமாகும் என்கிறார்களே?

என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் கொடுக்காதீர்கள். பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளும் முகம் வெளுக்கும் கிரீம்களுமே சிறுநீரில் புரதம் போகும் நோயைக் கொண்டுவந்ததைத் தென்னிந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெரியவர்களிடம் பார்த்தது, ஆனால் கிரீம் பூசிய கையால்தானே குழந்தையைத் தூக்குகிறோம். ஸ்டீராய்டைப் பயந்து திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து.

புரதம் இல்லை என்று வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

அப்படி முழுக்கச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வருவதற்கு முதன்மையான காரணம் பிறவியிலேயே சிறுநீரகமும் சிறுநீர்ப் பாதையும் சரியாக அமையாததுதான். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வருவது, கர்ப்ப கால ஸ்கேனிலேயே சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொன்னது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவது, இவற்றில் ஆரம்பத்தில் புரதம் தெரியாமலே இருக்கலாம். புரத டெஸ்ட் ஒரு கதவு மட்டும்தான்.

எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்தால் என்ன?

ஜப்பானில் 1974 முதல் செய்கிறார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து காலை முதல் சிறுநீரைச் சின்னக் குழாயில் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள். புரதமோ ரத்தமோ தெரிந்தால் இன்னொரு முறை பார்ப்பார்கள், அதிலும் தெரிந்தால் மருத்துவமனை. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே வளரும், சிறுநீரக வடிகட்டிகளைக் கெடுக்கும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி போன்ற நோய்களை அங்கே இப்படித்தான் முன்கூட்டியே பிடிக்கிறார்கள். தைவானில் 1990இலும் தென் கொரியாவில் 1998இலும் இதே போலத் தொடங்கினார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007இல் இதற்கு எதிர்த் திசையில் போனது: நன்றாக இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகச் சிறுநீர் ஸ்ட்ரிப் பார்க்க வேண்டாம் என்றது. தற்காலிகமாகப் போகும் புரதம், நின்றால் போகும் புரதம் என்று எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாமல் அலைக்கழிக்கப்படுகிறார்கள், அகப்படும் நோயோ குறைவு என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் வருடாவருடம் பார்க்க ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பல பிள்ளைகள் காய்ச்சல் வந்தால்தான் மருத்துவர் முகத்தையே பார்க்கிறார்கள். எல்லோருக்கும் முடியாவிட்டாலும், குறைமாதத்தில் அல்லது எடை மிகக் குறைவாகப் பிறந்தவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது டயாலிசிஸ் நடப்பவர்கள், வயதுக்கு ஏற்ப வளராதவர்கள், இவர்களுக்காவது வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பருவ வயதை ஒட்டி ஆண்டுதோறும் ஆல்புமின் பார்ப்பது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது.

இரவென்றும் பாராமல் ஓட வேண்டியது எப்போது?

வீக்கம் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி. மூச்சு வாங்குவது. அரை நாளுக்கு மேல் சிறுநீரே போகாதது. கடும் தலைவலி, பார்வை மங்குவது, வலிப்பு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை அம்மை போட்ட ஒருவரோடு இருந்துவிட்டது என்று தெரிந்தால், பிள்ளை நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் இடத்திலும் ஸ்டீராய்டு நடக்கிறது என்று தவறாமல் சொல்ல வேண்டும். சில ஊசிகளைத் தள்ளிப் போடுவார்கள், நிமோனியா தடுப்பூசி போன்றவற்றைக் கட்டாயம் போடச் சொல்வார்கள்.

தினமும் இதைச் செய்தால் பிள்ளை மனசு ஒடியாதா?

ஒளித்து ஒளித்துச் செய்தால் ஒடியும். ஐந்து வயதில் என் மகள் "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அன்றுதான் வடிகட்டியை எடுத்துக் காட்டி, சின்ன ஓட்டை வழியாக என்ன போகிறது என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் ஸ்ட்ரிப்பின் நிறத்தை முதலில் சொல்வது அவள் வேலையானது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதைத் தாண்டும்போது இது நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னதையும் அவள் கேட்டு வைத்திருக்கிறாள். இப்போது அவளே முக்கி, அவளே அறுபது எண்ணி, அவளே நோட்டில் எழுதுகிறாள். இன்று காலை எழுதியது: எடை 32, மாத்திரை இல்லை, புரதம் இல்லை.